மயிலும் விளக்கும்

எண்ணி முடியும் வரையில் எவரும் ஜயிக்கவில்லை. எவரும் தோற்கவும் இல்லை. இது குழந்தைக்கும் தெரிந்த சங்கதிதானே என்று நேயர்கள் சொல்லலாம். நாமும் அப்படித்தான் நினைத்திருந்தோம். சென்ற மாதம் ஐம்பத்தாறு பையன்களுக்கு முன்னால் அதை நிரூபிக்க வேண்டி வந்தபோதுதான், குழந்தைக்குத் தெரிந்த சங்கதி பெரியவர்களுக்கு எவ்வளவு சீக்கிரம் மறந்து போய்விடுகிறது என்பது நமக்கு விளங்கிற்று.

நாம் உபாத்தியாயராக இருக்கும் பள்ளிக்கூடத்தில் மாணவர் சங்கக் காரியதரிசி பதவிக்குத் தேர்தல் நடந்தது. அபேட்சகர்கள் இருவர். ஒருவனுக்கு மயில் சின்னம். மற்றவனுக்கு விளக்குச் சின்னம். பையன்களின் பெயரை இங்கே எழுதுவது முறையல்ல. ஆகையால் மயில் என்றும் விளக்கு என்றுமே அவர்களை அழைப்போம். வோட்டுப் போட்டவர்கள் 56 பேர். சீட்டுகளை எண்ணும் பொறுப்பு, கணக்கு உபாத்தியாயராகிய நம் தலையில் வந்து விழுந்தது.

பெட்டியைத் திறந்து, சீட்டுகளைக் குலுக்கி, ஒவ்வொன்றாக எடுத்து உரக்கப் படித்தோம். ஒரு பையன் கரும்பலகையில் கோடு போட்டுக்கொண்டே வந்தான். நாற்பது சீட்டு எடுத்தபோது விளக்குக்கு 21, மயிலுக்கு 19. விளக்கின் சிநேகிதர்கள் மாலை வாங்கிவர ஆள் அனுப்பிவிட்டார்கள். பிறகு மிச்சமிருந்த பதினாறு சீட்டில் பதினொன்று மயிலாகவே வந்தது. முடிவில் மயிலுக்கு 30, விளக்குக்கு 26. மாலை வந்து சேர்ந்தபோது அதைப் போட்டுக்கொள்ளக் கழுத்து இல்லை.

அன்று மாலைக்குள் பள்ளிக்கூடம் முழுவதும் ஒரு பேச்சுப் பரவிவிட்டது. "நாற்பது வரைக்கும் முன்னால் இருந்தவன் எப்படி ஸார் தோற்பான்?" என்று ஒருவன் கேட்டானாம். "மயில் யார் வீட்டுக்குப் பாடம் கற்றுக்கொள்ளப் போகிறான், தெரியுமல்லவா?" என்று இன்னொருவன் பதில் சொன்னானாம். மயில் என்ற அந்தப் பையன் வாரத்தில் மூன்று நாள் நமது வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அல்ஜீப்ரா படிப்பவன் என்பது உண்மை. இருபது வருஷமாக உபாத்தியாயத் தொழில் பார்த்துச் சேர்த்து வைத்த நல்ல பெயர், பதினாறு சீட்டில் பறந்துவிட்டது.

மறுநாள் மயில் நம்மிடம் வந்து, "ஸார், எனக்கு இந்தப் பதவி வேண்டாம். ராஜிநாமா செய்துவிடுகிறேன்" என்றான். அவன் கண்களில் நீர் தளும்பிற்று. நியாயமாக ஜயித்தவன், திருடியவனைப்போல் தலை குனிந்து நிற்பதைக் கண்டபோது நமக்கு உண்டான கோபத்துக்கு அளவில்லை. வகுப்பிலே எல்லோரையும் இரைந்து அதட்டினோம். அதட்டலினால் எந்தச் சந்தேகமாவது தீர்ந்தது உண்டா? பையன்கள் வாயை மூடிக்கொண்டார்கள், மனத்தை மூடிக்கொள்ளவில்லை.

அன்றிரவு விளக்கே நமது வீட்டுக்கு வந்தான். தனியாகத்தான் வந்தான். "ஸார், நீங்கள் தப்புச் செய்தீர்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நடுவில் நான் முன்னால் இருந்ததற்கு அர்த்தம் என்ன? அதை மட்டும் சொல்லுங்கள்" என்றான். இது அதட்டலுக்குரிய கேள்வி அன்று, கணக்குக்குரிய கேள்வி. கட்டம் போட்ட காகிதம் ஒன்றை எடுத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்தோம். அன்று அவனுக்குச் சொன்னதையே நேயர்களுக்கும் சொல்கிறோம்.

பெரிய எண்களை விட்டுச் சிறிய எண்களில் தொடங்குவோம். மயிலுக்கு 5 சீட்டு, விளக்குக்கு 3 சீட்டு என்று வைத்துக்கொள்வோம். மயில் சீட்டு வந்தால் காகிதத்தில் ஒரு கட்டம் வலப்புறம் போக வேண்டியது. விளக்குச் சீட்டு வந்தால் ஒரு கட்டம் மேலே ஏற வேண்டியது. எட்டுச் சீட்டும் தீர்ந்தபோது, எந்த வரிசையில் வந்திருந்தாலும், நாம் ஒரே மூலையில்தான் வந்து நிற்போம்: வலப்புறம் ஐந்து, மேலே மூன்று. ஊர் ஒன்றுதான், வழிகள் பல. எத்தனை வழிகள்?

ஒவ்வொரு மூலைக்கும் இடப்பக்கத்து மூலையிலிருந்து வரலாம், அல்லது கீழ் மூலையிலிருந்து வரலாம். ஆகையால் அந்த இரண்டு மூலைகளின் எண்களைக் கூட்டினால் இந்த மூலைக்குரிய எண் கிடைத்துவிடும். இப்படியே கூட்டிக்கொண்டு போனால் கடைசி மூலையில் 56 என்று வரும். இந்தக் கூட்டல் அட்டவணை நமது தேசத்துக்குப் புதிதல்ல. பிங்கலரின் சந்தஸ் சாஸ்திரத்துக்கு உரை எழுதிய ஹலாயுதர், பத்தாம் நூற்றாண்டிலேயே இதை 'மேரு பிரஸ்தாரம்' என்ற பெயரால் விளக்கியிருக்கிறார். குருவும் லகுவும் எத்தனை விதமாகச் சேரும் என்பது அவருடைய கேள்வி. மயிலும் விளக்கும் எத்தனை விதமாகச் சேரும் என்பது நம்முடைய கேள்வி. விடை ஒன்றே. ஐரோப்பாவில் இதைப் பாஸ்கலின் முக்கோணம் என்பார்கள். அவருடைய நூல் 1665-ல் அச்சாயிற்று.

இப்போது ஒரு நிபந்தனை போடுவோம். முதல் சீட்டு முதல் கடைசிச் சீட்டு வரையில் மயிலே முன்னால் இருக்க வேண்டும். ஒரு தடவைகூட விளக்கு அதற்குச் சமமாக வரக்கூடாது. காகிதத்தில் பார்த்தால், தொடக்க மூலையிலிருந்து சாய்வாகப் போகும் குறுக்குக் கோட்டை நமது பாதை மறுபடி தொடக்கூடாது என்று அர்த்தம். அந்தக் கோட்டின் மேலுள்ள மூலைகளுக்கெல்லாம் பூஜ்யம் போட்டுவிட்டு முன்போலவே கூட்டிக்கொண்டு வந்தோம். அடி வரிசையில் 1, 1, 1, 1, 1. அடுத்த வரிசையில் 1, 2, 3, 4. அதற்கு மேல் 2, 5, 9. அதற்கும் மேல் 5, 14. ஆக, 56 வழிகளில் 14 வழிகளில் மட்டுமே மயில் ஆதியோடந்தமாக முன்னால் இருக்கிறது. நாலில் ஒரு பங்கு!

விளக்கு கண்ணை அகல விரித்தான். "மற்ற நாற்பத்திரண்டிலும் நடுவில் எங்காவது இடறுகிறதா, ஸார்?" என்றான். ஆம், எங்காவது சமமாகிறது, அல்லது பின்னடைகிறது. ஐந்துக்கு மூன்று என்பது நல்ல வெற்றிதான். ஆனாலும் நாலில் மூன்று பங்கு அந்த வெற்றி இடறி விழுந்து எழுந்துதான் வந்து சேருகிறது.

ஏன் சரியாக நாலில் ஒரு பங்கு? இதற்கு ஓர் அழகான காரணம் உண்டு. இடறும் வழிகளை இரண்டு கூட்டமாகப் பிரிக்கலாம். முதல் சீட்டே விளக்காக வரும் வழிகள் ஒரு கூட்டம். அப்போது விளக்கு முன்னால் இருக்கிறது. முடிவில் மயில் ஜயிப்பதால், நடுவில் எங்காவது இருவரும் சமமாகியே தீர வேண்டும். முதல் சீட்டு மயிலாக வந்து, பிறகு எங்கேயோ சமமாகும் வழிகள் இன்னொரு கூட்டம். இந்த இரண்டு கூட்டங்களும் எண்ணிக்கையில் சரிநிகர் சமானம். எப்படி? ஒரு வழியை எடுத்துக்கொள்ளுங்கள். முதன்முதலாகச் சமமாகும் இடம் வரையில் உள்ள சீட்டுகளில், மயிலையெல்லாம் விளக்காகவும் விளக்கையெல்லாம் மயிலாகவும் மாற்றிவிடுங்கள். அதுவரை இரண்டும் சம எண்ணிக்கையில் இருப்பதால் மொத்தத்தில் ஒன்றும் மாறுவதில்லை. ஆனால் முதல் கூட்டத்து வழி இரண்டாம் கூட்டத்துக்குப் போய்விடுகிறது. இரண்டாம் கூட்டத்து வழி முதல் கூட்டத்துக்கு வந்துவிடுகிறது. கண்ணாடிக்கு முன்னால் நிற்பவர்கள் எத்தனை பேரோ, கண்ணாடிக்குள் தெரிபவர்களும் அத்தனை பேர்தான் அல்லவா?

முதல் கூட்டத்தை எண்ணுவது சுலபம். விளக்கை முதலில் வைத்துவிட்டால், மீதி ஏழு சீட்டில் இரண்டு விளக்கு. அதற்கு 21 வழிகள். இரண்டாம் கூட்டமும் 21. இரண்டும் சேர்ந்து 42. ஐம்பத்தாறில் 42 போனால் 14. சரியாகிவிட்டது. பொது விதி இதுதான்: இருவரின் வோட்டு வித்தியாசத்தை மொத்த வோட்டினால் வகுத்தால், ஜயித்தவர் முதலிலிருந்து முந்தியே இருந்திருக்கக்கூடிய பங்கு கிடைத்துவிடும்.

இந்த விதியை 1887-ல் பிரெஞ்சுக் கணித மேதை ஜோஸப் பெர்த்ரான் பாரிஸ் விஞ்ஞானக் கழகத்தின் வெளியீட்டில் பிரசுரித்தார். விடை இவ்வளவு சுருக்கமாக இருக்கும்போது நேரான நிரூபணமும் ஒன்று இருக்க வேண்டும் என்று அவர் கருதினார். அதே வருஷத்தில் தெஸிரே ஆந்திரே என்பவர் அத்தகைய நிரூபணம் ஒன்றைக் கொடுத்துவிட்டார். ஆனால் பெர்த்ரானுக்கு ஒன்பது வருஷம் முன்பே, 1878-ல், விட்வொர்த் என்ற ஆங்கிலேயர் இந்த விடையை வெளியிட்டிருந்தார். இன்னும் ஒரு வேடிக்கை: நாம் மேலே சொன்ன கண்ணாடி யுக்தியைப் பல புத்தகங்கள் ஆந்திரேயின் பெயரால் வழங்குகின்றன; அவருடைய மூலக் கட்டுரையிலோ அந்த யுக்தி இல்லை. அவர் வேறு விதமாகச் சீட்டுகளை இடம் மாற்றினார். காகிதத்தில் கோடு போட்டுப் பிரதிபலிக்கும் முறை 1923-ல் ஏப்லி, மிரிமானோப் என்ற இருவரின் கட்டுரைகளில் வருகிறது. கணக்கிலும் ஒருவர் வோட்டு மற்றொருவர் பெட்டியில் விழுவது உண்டு போலும்!

நமது தேர்தலுக்கு வருவோம். முப்பதுக்கும் இருபத்தாறுக்கும் வித்தியாசம் 4, மொத்தம் 56. ஆகவே மயில் முதலிலிருந்து முந்தியிருக்கக்கூடியது பதினான்கில் ஒரு பங்குதான். நூறு வோட்டில் அறுபது வாங்கியவருக்கும் ஐந்தில் ஒரு பங்குதான். எழுபத்தைந்து வாங்கிய மகாசூரனுக்குக்கூடச் சரிபாதிதான்! வெற்றி என்பது நேரான ராஜபாட்டை என்று நாம் எண்ணுகிறோம்; பெரும்பாலும் அது மேடு பள்ளமாகத்தான் இருக்கிறது.

விளக்கு அவ்வளவு சுலபமாக விடுகிறவன் அல்லன். "முதல் இரண்டு மூன்று சீட்டுக்குள் சமமாவது பெரிய காரியமில்லை, ஸார். நாற்பதாவது சீட்டிலும் நான் முன்னால் இருந்தேனே?" என்றான். பலே! சரியான இடத்தில் கையை வைத்துவிட்டான். அதையும் எண்ணிப் பார்த்தோம். 30 மயிலும் 26 விளக்கும் கலந்த கட்டில், நாற்பதாவது சீட்டின்போது விளக்கு முன்னால் இருப்பது சுமார் எட்டில் ஒரு பங்கு என்று வந்தது. தினந்தோறும் நடப்பதல்ல, அதிசயமும் அல்ல. எட்டுப் பள்ளிக்கூடங்களில் இதே மாதிரி தேர்தல் நடந்தால், ஏதோ ஒன்றில் மாலை வீணாவது எதிர்பார்க்கக்கூடியதே.

இதனோடு சேர்த்து இன்னொரு விசித்திரத்தையும் அவனுக்குச் சொன்னோம். இருவரும் ஐந்து ஐந்தாகச் சமமாக முடிவதாக வைத்துக்கொள்வோம். மொத்த வழிகள் 252. யோக்கியமான பந்தயமானால் பாதி நேரம் ஒருவரும் பாதி நேரம் மற்றவரும் முந்தியிருப்பார்கள் என்றுதானே தோன்றுகிறது? அப்படியல்ல. ஒருவர் பத்து அடியில் ஓர் அடிகூட முந்தாமல் இருப்பது 42 வழிகளில். இரண்டு அடி முந்தியிருப்பது 42 வழிகளில். நாலு, ஆறு, எட்டு, பத்து ஆகிய ஒவ்வொன்றும் 42 வழிகளில்தான். எல்லாவற்றுக்கும் சம பங்கு! இதைச் சுங், பெல்லர் என்ற இருவர் 1949-ல் விளக்கினார்கள். நெடுநேரம் முந்தியிருந்தவர் தோற்பதைப் பார்த்து ஏதோ சூது நடந்தது என்று நினைப்பது நமது மனத்தின் பழக்கமே தவிர, சீட்டுகளின் பழக்கம் அல்ல.

இந்த 42 என்ற எண் பல வேஷங்களில் வந்து நிற்கும். டிக்கெட் விலை ஐந்து ரூபாய். ஜன்னலில் சில்லறை கிடையாது. ஐந்து பேர் ஐந்து ரூபாய் நோட்டுடனும், ஐந்து பேர் பத்து ரூபாய் நோட்டுடனும் வரிசையில் நிற்கிறார்கள். ஒருவரும் சில்லறைக்காகக் காத்து நிற்காமல் எல்லோரும் டிக்கெட் வாங்க வேண்டுமானால், நோட்டுகள் எத்தனை விதமாக வரிசையில் வரலாம்? அதே 42, அதாவது ஆறில் ஒரு பங்கு. 1, 2, 5, 14, 42 என்று போகும் இவ்வெண்களுக்கு, 1838-ல் இவற்றைப் பற்றி எழுதிய பெல்ஜிய தேசத்துக் கதலானின் பெயர் வழங்குகிறது. அவருக்கு முன்பே, 1751-ல், ஆய்லர் பலகோணங்களை முக்கோணங்களாக வெட்டும்போது இவற்றைக் கண்டார். இத்துறையில் இந்தியர்களுக்கும் பங்கு உண்டு. 1979-ல் டி. வி. நாராயணா என்பவரும், ஸ்ரீ கோபால் மொஹந்தி என்பவரும் கட்டப் பாதைகளை எண்ணும் சாஸ்திரத்தைப் பற்றித் தனித்தனியே புத்தகங்கள் வெளியிட்டார்கள். நாராயணாவின் பெயராலேயே ஓர் எண் வரிசை இன்று வழங்கி வருகிறது.

மறுநாள் வகுப்பில் பரீட்சை பார்த்தோம். வெற்றுச் சீட்டுகளில் முப்பதுக்கு மயில் என்றும் இருபத்தாறுக்கு விளக்கு என்றும் எழுதிக் குலுக்கினோம். மயில் முந்தாத நிலை வந்தவுடன் அந்த ஆட்டத்தை நிறுத்திவிடுவது என்று ஏற்பாடு. இப்படி 28 ஆட்டம். கணக்குப்படி அவற்றில் இரண்டில்தான் மயில் கடைசி வரை தாக்குப் பிடிக்க வேண்டும். பெரும்பாலான ஆட்டங்கள் நாலைந்து சீட்டுக்குள்ளேயே முடிந்துவிட்டன. மூன்றே மூன்றில் மயில் ஆதியிலிருந்து அந்தம் வரையில் முந்தி நின்றது. சீட்டை எடுத்தவர்கள் விளக்கின் சிநேகிதர்களே. ஆகையால் அங்கே கைச்சூது என்ற பேச்சுக்கு இடமில்லாமல் போயிற்று.

இத்துடன் கதையை முடித்திருந்தால் நமக்குக் கௌரவமாக இருந்திருக்கும். ஆனால் விளக்கு மறுபடியும் எழுந்து நின்றான். "நடுவில் முந்தியது ஒரு சாட்சியமல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன், ஸார். ஆனால் சீட்டுகளைச் சரியாகப் படித்தோம் என்பதற்கு இந்தக் கணக்கு சாட்சியம் ஆகுமா?" என்றான்.

ஆகாது. கணக்கு எவருக்கும் நற்சாட்சிப் பத்திரம் எழுதிக் கொடுப்பதில்லை. சந்தேகத்துக்குச் சொல்லப்பட்ட காரணம் காரணமல்ல என்று மட்டுமே அது சொல்லும். நாம் யோக்கியரா என்பதைப் பெட்டிதான் சொல்ல வேண்டும். மறுபடி எண்ண வேண்டும் என்று அவன் முதல் நாளே கேட்டிருந்தான்; அகம்பாவத்தினால் நாம் மறுத்துவிட்டோம். இப்போது முத்திரையிட்ட உறையைப் பிரித்து, இரு கட்சிப் பையன்களும் இருபுறம் உட்கார, ஒவ்வொரு சீட்டாக மேஜை மேல் பரப்பினோம். மயிலுக்கு 29. விளக்குக்கு 26. மிச்சம் ஒரு சீட்டு. அதில் மயிலுக்கு நேரே பளிச்சென்று ஒரு குறி; விளக்குக்கு நேரே பென்ஸில் மழுங்கிப் போட்ட மங்கலான இன்னொரு குறி. செல்லாத சீட்டு! அவசரத்தில் அதை மயில் என்று படித்தவர் நாமே. முடிவு மாறவில்லை; ஆனால் நமது முகம் மாறிற்று. பையன்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டோம். சூத்திரத்தில் பிழை இல்லை; பிழை நமது கண்ணில் இருந்தது.

பள்ளிக்கூடத்துத் தேர்தலுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று நேயர்கள் நினைக்கலாம். ஆனால் இதே பேச்சைப் பெரிய தேர்தல்களிலும் கேட்கிறோம் அல்லவா? நமது தேசத்தின் முதல் பொதுத் தேர்தல் 1951-52-ல் நடந்தபோது ஒவ்வோர் அபேட்சகருக்கும் சின்னம் ஒட்டிய தனிப் பெட்டி இருந்தது. 2004-ல் நடந்த லோக்சபைத் தேர்தலில் தேசம் முழுவதும் மின்சார இயந்திரங்கள் வந்துவிட்டன. இப்போது வோட்டுகளைச் சுற்றுச் சுற்றாக எண்ணி முடிவு சொல்கிறார்கள். ஒவ்வொரு சுற்றிலும் குறிப்பிட்ட சில சாவடிகளின் வோட்டுகளே வருகின்றன. ஒரு கட்சிக்குச் செல்வாக்குள்ள கிராமங்கள் முதலிலும் மற்றொரு கட்சிக்குச் செல்வாக்குள்ள பட்டணம் பின்னாலும் வரக்கூடும். ஆகையால் நன்றாகக் குலுக்கிய சீட்டுகளுக்குரிய பெர்த்ரானின் விதி அங்கே அப்படியே பொருந்தாது. ஆனால், குலுக்கிய சீட்டிலேயே இவ்வளவு ஏற்ற இறக்கம் உண்டென்றால், குலுக்காத சீட்டில் எவ்வளவு இருக்கும்! காலையில் முந்தியவர் மாலையில் பிந்திவிட்டார் என்ற ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு பழி சொல்வது நியாயமல்ல. அதே சமயத்தில், எண்ணுகிறவரைப் பார்த்து "மறுபடி எண்ணுங்கள்" என்று மரியாதையுடன் கேட்பது ஒவ்வொரு பிரஜையின் உரிமை. அதற்குக் கோபித்துக்கொள்வது எண்ணுகிறவருக்கு அழகல்ல. இந்த இரண்டாவது பாடத்தை நாம் ஒரு பையனிடமிருந்து கற்றுக்கொண்டோம்.

மயில் ராஜிநாமா செய்யவில்லை. சங்கத்தின் முதல் கூட்டத்தில் விளக்கை உதவிக் காரியதரிசியாக இருக்கும்படி அவனே பிரேரேபித்தான். அந்தத் தீர்மானத்துக்கு வோட்டு எடுக்கலாமா என்று தலைவர் கேட்டபோது, கூட்டத்தின் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது: "எடுக்கலாம். ஆனால் இந்தத் தடவை சீட்டை நாங்களே படிக்கிறோம், ஸார்!" எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். நாமும் சிரித்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.